முன்னாடியே எடுத்த வண்டி

எங்கள் பஸ் டிப்போவில் முப்பத்தொன்பது வருஷம் டைம்கீப்பராக இருந்தவனை நாங்கள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ‘டைம்’ என்றால் அவன்தான். டிப்போ வாசலில், ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் நிற்க இடமில்லாத ஓர் அறை அவனுடையது. முன்பக்கக் கண்ணாடியில் கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. வெளியே போகிற வண்டி, உள்ளே வருகிற வண்டி எல்லாவற்றையும் பேரேட்டில் நிமிஷக் கணக்கில் எழுதுவான். சரியான நேரத்துக்கு நீலப் பேனா, தப்பினால் சிவப்புப் பேனா. ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆகியும் இரண்டு பேனாவும் சட்டைப் பையில்தான் இருக்கின்றன.

நான் டயர் செக்‌ஷன், அதனால் டயர். முப்பத்தெட்டு வருஷம் எங்களுக்கு டீ ஊற்றியவன் கேன்டீன். ஆளுக்கொரு பெயரை வீட்டில் ஆசையாக வைத்தார்கள்தான். டிப்போ கேட்டுக்குள் நுழைந்ததும் அதெல்லாம் கழன்று விழுந்துவிட்டது. பெயர் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் அதுதான் எங்கள் கழுத்தை அறுத்தது.

டைமுக்கு ஒரு கிறுக்கு உண்டு. வண்டி லேட்டாக வந்தால் முறைப்பான், சிவப்பில் எழுதுவான், அதோடு விட்டுவிடுவான். மூன்று நிமிஷம் முன்னாடி எடுத்துவிட்டாலோ, தொலைந்தது. டிரைவர் பெரிய ஆளா சின்ன ஆளா என்றெல்லாம் பார்க்க மாட்டான்.

“லேட்டா போனா நிக்கிறவன் நாலு வார்த்தை திட்டுவான், அவ்வளவுதான். முன்னாடி எடுத்தா ஓடி வர்றவன் என்னய்யா பண்ணுவான்? அவன் சரியான நேரத்துக்குத்தானே வர்றான்? அவன் மேல என்ன தப்பு?”

இதற்காக ஒரு டிரைவருக்கு மெமோவே வாங்கிக்கொடுத்தான். அந்த ஆள் ஆறு மாசம் இவன் முகத்தைப் பார்க்கவில்லை. இவன் அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை. ரிட்டயர் ஆன அன்று டிப்போவில் எல்லோரும் சேர்ந்து சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்தோம். மேடையிலேயே அதைத் தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, “நாலு நிமிஷம் ஃபாஸ்ட்டா ஓடுதுப்பா, மாத்திக் குடுங்க” என்றவன் அவன். மேனேஜருக்கு முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே!

இப்படி நேரத்தில் கறாரான மனுஷன், ஒரே ஒரு விஷயத்தில் பத்தொன்பது வருஷம் லேட். அது அவன் தம்பி விஷயம்.

தம்பி இவனைவிடப் பதினோரு வயது சின்னவன். அம்மா சீக்கிரமே போய்விட்டார். அப்பா டிரைவர், பாதி நாள் ராத்திரி வீட்டிலேயே இருக்கமாட்டார். தம்பியைக் குளிப்பாட்டி, தலை சீவி, பள்ளிக்கூடத்தில் விட்டு, சாயங்காலம் கூட்டிவந்தது எல்லாம் டைம்தான். வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்தப் பயல் இவன் மேசைக்கு அடியில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவான். “அண்ணே, இது எந்த வண்டி? அண்ணே, பசிக்குது. அண்ணே, மூக்கு ஒழுகுது.” எதற்கெடுத்தாலும் அண்ணே. “டேய், உன் வாயில வேற வார்த்தையே கிடையாதா?” என்று கேன்டீன் கேலி பண்ணுவான். அதற்கும் அவன் இவனைத்தான் திரும்பிப் பார்ப்பான். “அண்ணே, இவரு என்ன சொல்றாரு?”

வளர்ந்து, வெளிநாட்டில் ஒரு கிடங்கில் மூட்டை அடுக்குகிற வேலைக்குப் போனான். போன இரண்டாம் வருஷம் அப்பா படுத்தார். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். “சின்னவன் வந்துட்டானா?” என்று கண் திறக்கும்போதெல்லாம் கேட்டார். தம்பி வரவில்லை. பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறான் என்று போனில் அழுதான். இவன் நம்பவில்லை. அப்பா போன அன்றைக்கு, டிப்போ கேன்டீனில் இருந்த போனில் டைம் தம்பியிடம் பேசினான். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில்தான் நின்றோம்.

“இனிமே எங்கப்பா பேரு உன் வாயில வரக்கூடாது. அந்தப் பேரைச் சொல்ற யோக்கியதை உனக்கில்ல.”

‘நம்ம அப்பா’ என்று சொல்லவில்லை, ‘எங்கப்பா’ என்றான். அந்தப் பக்கம் “அண்ணே” என்று மட்டும் கேட்டது. இவன் போனை வைத்துவிட்டான்.

அதோடு சரி. ஐந்தாறு வருஷம் கழித்து அந்த ஊரிலிருந்து திரும்பிய ஒருத்தன், அங்கே நிஜமாகவே பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள் என்று சொன்னான். அன்றைக்கு டைம் மத்தியானம் சாப்பிடவில்லை. பேசுய்யா, பேசுய்யா என்று நான் தொண்டை கிழியச் சொன்னேன். “பேசறேன்” என்பான். என்ன முகத்தோடு பேசுவது என்று தள்ளிப்போட்டான். தள்ளிப்போட்டே தலை நரைத்துவிட்டது.

போன மாசம் அவன் செல்போனுக்கு ஒரு செய்தி வந்தது. தம்பியோடு வேலை பார்க்கிற யாரோ அனுப்பியது. போனே மொழிபெயர்த்த தமிழ். ‘உங்கள் சகோதரர் நோயில் இருக்கிறார். மருத்துவர்கள் சிறிய நம்பிக்கை தருகிறார்கள். அவர் பணப்பையில் உங்கள் எண் இருந்தது.’ கீழே ஆஸ்பத்திரி விலாசமும் தம்பி தங்கியிருந்த அறையின் விலாசமும். இவன் நம்பர் அவனுக்கு எப்படிக் கிடைத்ததோ, எத்தனை வருஷமாக மடித்து வைத்திருந்தானோ. கூப்பிட்டதே இல்லை.

டைமின் மனைவிக்கு முழங்கால் மடங்காது, வர முடியாது. “நீங்க ரெண்டு பேரும் கூடப் போங்க, அவரைத் தனியா விட்றாதீங்க” என்று என் கையைப் பிடித்துக்கொண்டது அந்தத் தங்கச்சி. அப்படித்தான், எங்கள் மாவட்டத்தைத் தாண்டாத மூன்று கிழவர்கள் பாஸ்போர்ட் எடுத்தோம். அந்த ஆபீஸில், “இனிஷியல் மட்டும் போட்டா ஏத்துக்க மாட்டாங்க, அப்பா பேரை முழுசா எழுதுங்க” என்றார்கள். எழுதிக்கொடுத்தோம். அதில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

போய்ச் சேருகிற தேதியை, செய்தி அனுப்பியவருக்கு டைம் எழுதிப்போட்டான். விமானத்தில் நான் கேட்டேன். “போய் என்னய்யா சொல்லப்போற அவன்கிட்ட?”

“அந்தச் சொல்லைத் திருப்பி எடுத்துக்கணும். அவ்வளவுதான். ஒரு நிமிஷம் போதும்.”

காலை 8.05க்கு இறங்கினோம். டைம் முதல் வேலையாகக் கைக்கடிகாரத்தை அந்த ஊர் நேரத்துக்குத் திருப்பினான். பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, ‘இறங்கியது 8.05’ என்று நீலத்தில் எழுதினான். பழக்கதோஷம்.

பாஸ்போர்ட் பார்க்கிற இடத்தில் மூன்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, எங்களை ஓரமாக நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தோம். எங்களுக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஒலிபெருக்கியில் ஒரு பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

“யாரோ ஒருத்தன் நல்லா தூங்குறான் போல” என்றான் கேன்டீன்.

டைம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். “எங்கப்பா பேரு மாதிரி இருக்குல்ல?”

“உங்கப்பா பேரு உலகத்துல ஆயிரம் பேருக்கு இருக்கும். சும்மா உட்காருய்யா” என்றேன்.

ஐம்பது நிமிஷம் போச்சு. கடைசியில் ஒரு அதிகாரி டைமின் பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு நேரே வந்து, படத்தைக் காட்டி, இவன் முகத்தைக் காட்டி, கத்தோ கத்தென்று கத்தினார். அப்போதுதான் எங்கள் மரமண்டையில் ஏறியது. அந்த ஊரில் அப்பா பெயர்தான் ஆளின் பெயர். நம் பெயர் சும்மா ஒட்டுக்கு. அடுத்ததாகக் கேன்டீனின் அப்பாவைக் கூப்பிட்டார்கள்.

“எங்கப்பன் சந்தையைத் தாண்டிப் போனதில்ல. செத்தப்புறம் ஃபாரின் வந்துட்டாரு பாத்தியா” என்று கேன்டீன் எழுந்து ஓடினான். டைம்கூடச் சிரித்துவிட்டான்.

நான் சும்மா இருந்தேனா? வாயை வைத்துக்கொண்டு இருக்காமல் டைமுக்குப் பாடம் எடுத்தேன். “இங்க பாரு. இனிமே எங்க போனாலும் உங்கப்பா பேரைக் கூப்பிட்டா டக்குன்னு எந்திரிச்சு, நான்தான்னு சொல்லிரு. இன்னொரு தடவை இப்படி உட்கார முடியாது.”

“சரிப்பா” என்றான்.

அடுத்தது பெட்டி. எங்கள் பெட்டியை அடையாளம் தெரிவதற்காகக் கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டியிருந்தான் கேன்டீன். உலகத்தில் வேறு யாருக்கும் அந்த யோசனை வராது என்று நினைத்துவிட்டான். அவன் இழுத்துக்கொண்டு வந்தது வேறு ஒரு அம்மாவின் பெட்டி. வாசலைத் தாண்டுமுன் இரண்டு போலீஸ்காரர்கள் ஓடிவந்து பிடித்தார்கள். திறந்தால் உள்ளே முழுக்கக் குழந்தைத் துணி. அந்த அம்மா எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மன்னிப்புக் கேட்பதற்குக்கூட வார்த்தை தெரியாமல் மூன்று பேரும் கும்பிட்டுக்கொண்டு நின்றோம்.

கேன்டீனின் மகள் போனில் மொழிபெயர்க்கிற ஆப் ஒன்று போட்டுக்கொடுத்திருந்தாள். எது பேசினாலும் தமிழில் சொல்லும், தமிழில் சொன்னால் அவர்கள் மொழியில் சொல்லும் என்று வீட்டில் வைத்து ஜோராகச் செய்தும் காட்டினாள். இங்கே இன்டர்நெட் இல்லை என்று ஒரே அடியாகப் படுத்துவிட்டது. காகிதத்தில் இருந்த ஆஸ்பத்திரி விலாசத்தை டாக்ஸிக்காரருக்குக் காட்டினோம். அவர் நல்ல மனுஷன், நேரே கொண்டுபோய் விட்டார். அன்றைக்கு முழுக்கச் சரியாக நடந்தது அது ஒன்றுதான்.

11.10. ஏழு மாடி ஆஸ்பத்திரி. பார்வையாளர் நேரம் மாலை ஐந்து வரை என்று வாசலில் எண்கள் போட்டிருந்தது. உள்ளே நீளமான கூடம், வரிசையாக நாற்காலிகள், ஒரு பக்கம் லிஃப்ட். விசாரணைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண். கண்ணாடியில் கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. டைம் அந்த ஓட்டை வழியாகத் தம்பி பெயர் எழுதிய சீட்டை நீட்டினான். முன்னால் ஒரு இனிஷியல், புள்ளி, பிறகு பெயர். நம் வழக்கப்படி, நம் பழக்கப்படி.

அவள் கம்ப்யூட்டரில் தட்டினாள். இல்லை என்று தலையாட்டினாள். எழுத்தைச் சரியாகப் படி என்று இவன் விரல் வைத்துக் காட்டினான். மறுபடி தட்டினாள். இல்லை. பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டாள், அவரும் தட்டினார். இல்லை. அந்த இனிஷியலுக்குப் பின்னால்தான் ஆள் படுத்திருக்கிறான் என்று எங்களுக்கு உறைக்கவில்லை. காலையில்தானே ஒலிபெருக்கி போட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள்? அது எங்களைக் கூப்பிடுகிற விஷயமாகத்தான் புரிந்தது. தம்பியும் அதே பாஸ்போர்ட்டோடு அதே வாசல் வழியாகத்தான் வந்திருப்பான் என்று, மூன்று தலை இருந்தும், ஒரு தலைக்குக்கூடத் தோன்றவில்லை.

பெரியவர் ஒரு துண்டுச் சீட்டில் வேறொரு விலாசம் எழுதிக் கொடுத்தார். அதே ஆஸ்பத்திரியின் இன்னொரு கட்டடம், ஊரின் மறுகோடியில் இருக்கிறது, அங்கே கேளுங்கள் என்று சைகையில் சொன்னார்.

அடுத்து என்ன செய்வது என்று நாற்காலியில் உட்கார்ந்தோம். அந்த நேரத்தில் லிஃப்டிலிருந்து நீல உடுப்புப் போட்ட ஒரு நர்ஸம்மா இறங்கி வந்தார். கையில் ஒரு காகிதம். கூடத்தைப் பார்த்து, டைமின் அப்பா பெயரை உரக்கக் கூப்பிட்டார்.

டைம் சட்டென்று எழுந்தான். பள்ளிக்கூடப் பையன் போலக் கையைத் தூக்கினான்.

நர்ஸம்மா பக்கத்தில் வந்து ஏதோ கேட்டார். நீளமான கேள்வி. அதில் அப்பா பெயர் மட்டும்தான் எங்களுக்கு விளங்கியது. டைம் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். “நான்தாம்மா. மீ. மீ.” பாஸ்போர்ட்டையும் திறந்து காட்டினான். அவர் அதைப் பார்த்தார், கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார், இன்னொரு தடவை நிதானமாகக் கேட்டார். இவனும் நிதானமாக நெஞ்சைத் தொட்டான். “மீ.”

நான் பெருமையாகத் தலையாட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன். பாடம் நன்றாக ஏறிவிட்டதே.

நர்ஸம்மா சிரித்து, மன்னிப்புக் கேட்பது போல அவன் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு லிஃப்டில் ஏறிப் போய்விட்டார்.

“புதுசா யார் வந்தாலும் பாஸ்போர்ட் பாப்பாங்க போல” என்றேன்.

டைம் உட்கார்ந்தான். “கொஞ்ச நேரம் இருந்து பாப்போம்யா. அந்தம்மா எதுக்குக் கேட்டுச்சோ, திரும்பி வந்தாலும் வரும்.”

எனக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. பிறந்ததிலிருந்து எனக்கு இருக்கிற வியாதி அது. “இங்க இல்லங்கிறாங்க, மூணு தடவை தட்டிப் பாத்துட்டாங்க. இன்னும் என்னத்தைப் பாக்கணும்? அந்தக் கட்டடம் ஊர்க்கோடியில இருக்கு. அஞ்சு மணிக்கு மூடிருவான். கடிகாரத்தைக் கட்டிக்கிட்டு நீயே இப்படி உட்கார்ந்தா எப்படி? எந்திரி, எந்திரி!”

அவன் பையை நானே தூக்கிக்கொண்டு நடந்தேன். பின்னாலேயே வந்தான். வாசல் வரைக்கும் லிஃப்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். டாக்ஸியில் உட்கார்ந்ததும் நோட்டை எடுத்து எழுதினான். ‘கிளம்பியது 11.52.’

இன்னொரு கட்டடம் கண் ஆஸ்பத்திரி. அது எங்களுக்குத் தெரிவதற்கே முக்கால் மணி நேரம் பிடித்தது. வரிசையில் நிற்க வைத்து, எங்கள் முறை வந்ததும் டைமின் தாடையைப் பிடித்து ஒரு மிஷினில் வைத்து, கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துவிட்டார்கள். “எனக்கில்லம்மா, எனக்கில்ல” என்று அவன் கதறியது அங்கே யாருக்குப் புரியும்? வெளியே வந்தால் கேன்டீனைக் காணோம். கழிவறைக்குப் போனவன் திரும்புகிற வழியில் வேறு மாடியில் இறங்கிவிட்டான். நான் ஒரு பக்கம், டைம் ஒரு பக்கம், போய்த் தேடினோம். கண்டுபிடித்தபோது ஒரு மூலையில் உட்கார்ந்து, அறுபத்துநாலு வயது ஆள், அழுதுகொண்டிருந்தான். “உங்களை விட்டுட்டா எனக்கு எந்தப் பேரைச் சொல்லி யார்கிட்ட கேக்கறதுன்னே தெரியலய்யா” என்றான். திட்டப் போனவன், அவன் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன்.

மிச்சமிருந்தது தம்பி தங்கியிருந்த அறையின் விலாசம் ஒன்றுதான். 2.40க்கு அங்கே போய்ச் சேர்ந்தோம். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, படியில் ஈரத்துணி காய்ந்தது. கதவைத் திறந்தவர் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார், பூட்ஸ்கூடக் கழற்றவில்லை. டைம் தம்பியின் பெயரைச் சொன்னான். அவர் உதட்டைப் பிதுக்கினார். டைம் தன் செல்போனில் இருந்த அந்தச் செய்தியைக் காட்டினான். அவர் கண் விரிந்தது. அவர் அனுப்பியதுதான். இவன் தோளைப் பிடித்துக்கொண்டு, டைமின் அப்பா பெயரைச் சொன்னார். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை.

உள்ளே ஆறு பேருக்கு இரண்டடுக்குக் கட்டில்கள். ஜன்னலோரக் கீழ்க்கட்டிலைக் காட்டினார். கட்டில் கம்பியில் ஒட்டிய சீட்டில் அந்தப் பெயர். இரும்பு அலமாரிக் கதவில் அந்தப் பெயர். ஆணியில் தொங்கிய வேலைச் சட்டையின் மார்பில், மஞ்சள் நூலில் தைத்த அந்தப் பெயர். அவர் தன் போனில் பேச, அது தமிழில் சொன்னது. ‘இங்கே எல்லோரும் அவரை இப்படித்தான் அழைப்போம். முதல் நாளிலிருந்து. அவருக்கு வேறு பெயர் இருப்பது எனக்குத் தெரியாது.’

டைம் அந்தச் சட்டையின் மார்பைத் தடவிப் பார்த்தான். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

“அந்தப் பேரைச் சொல்லாதேன்னு நான் சொன்னேன்யா” என்றான் என்னிடம். “இங்க விடிஞ்சா அடைஞ்சா அந்தப் பேரைத்தான் கூப்பிட்டிருக்காங்க. ஒவ்வொரு தடவையும் அவன் அதுக்குத் திரும்பிப் பாத்திருக்கான். எத்தன தடவை என்னை நெனச்சிருப்பான், பாவி நான்.”

எனக்கு அதற்குள் காலையில் பார்த்ததெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. நீல உடுப்பு நர்ஸம்மா, கையில் இருந்த காகிதம், நீளமான கேள்வி. அறைக்காரர் போன் மறுபடி பேசியது. ‘இன்று குடும்பம் வருகிறது என்று நான் மருத்துவமனையில் சொல்லிவைத்தேன். நான்காவது மாடி. நீங்கள் இன்னும் அங்கே போகவில்லையா?’

உடனே டாக்ஸி பிடித்துத் திரும்பினோம். நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பின்னால் திரும்பி டைமின் முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. ஒவ்வொரு சிக்னலிலும் சிவப்பு விழுந்தது. கேன்டீன் மட்டும் சாமியை முணுமுணுத்துக்கொண்டு வந்தான்.

3.50. அதே கூடம், அதே கண்ணாடி, அதே பெண். டைம் ஓட்டைக்கு நேராகக் குனிந்து, அப்பா பெயரைச் சொன்னான். அவள் ஒரே தடவைதான் தட்டினாள். உடனே கிடைத்துவிட்டது. பிறகு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களை உட்காரச் சொல்லிவிட்டுப் போனை எடுத்தாள். அப்போதே தெரிந்துவிட்டது.

அந்த நர்ஸம்மாவேதான் இறங்கி வந்தார். டைமைப் பார்த்ததும் லிஃப்ட் வாசலிலேயே நின்றுவிட்டார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார். இந்தத் தடவை போனையும் கொண்டுவந்திருந்தார். அதில் அந்த மொழிபெயர்ப்பு வேலை செய்தது. அவர் மெதுவாகப் பேச, போன் உணர்ச்சியே இல்லாத ஒரு குரலில் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தது.

‘அவர் மதியம் ஒன்று இருபதுக்கு இறந்தார். வலி அதிகம் இல்லை.’

டைம் தலையாட்டினான்.

‘காலையில் நான் அவருடைய குடும்பத்தார் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டு வந்தேன். நீங்கள், நான்தான் அவர் என்று சொன்னீர்கள். உங்கள் பாஸ்போர்ட்டிலும் அந்தப் பெயர் இருந்தது. அதே பெயருள்ள வேறு மனிதர் என்று நினைத்தேன். அது இங்கே நடக்கும்.’

“என் தப்புதாம்மா” என்றான் டைம். போன் அதை அவர் மொழியில் சொன்னது. அவர் இல்லை இல்லை என்று தலையசைத்தார். இவன் தப்பு இல்லை. எழுந்து நின்று நான்தான் என்று சொல் என்று சொல்லிக்கொடுத்தவன் நான்.

‘மேலே போய் அவரிடம் சொன்னேன். உங்கள் குடும்பம் இன்னும் வரவில்லை. கீழே உங்கள் பெயரே உள்ள ஒரு முதியவர் இருக்கிறார், நெஞ்சைத் தொட்டு நான்தான் நான்தான் என்கிறார் என்று வேடிக்கையாகச் சொன்னேன். அவர் எழுந்து உட்காரப் பார்த்தார். இரண்டு வாரமாக அவர் உட்கார்ந்ததே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த மனிதரை அழைத்து வாருங்கள் என்றார். நான் ஓடி வந்தேன். நீங்கள் இல்லை.’

“எத்தன மணிக்கும்மா?”

நர்ஸம்மா காகிதத்தைப் பார்த்தார். ‘பதினொன்று ஐம்பத்தைந்து.’

டைம் சட்டைப் பையிலிருந்து அந்தச் சின்ன நோட்டை எடுத்தான். பக்கத்தைத் திருப்பினான். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். இருந்தாலும் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். என்னை ஒரு அறை அறைந்திருக்கலாம், நாண்டுகொண்டு சாவுடா என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“மூணு நிமிஷம் முன்னாடி எடுத்துட்டோம்யா” என்றான். எடுத்துட்ட என்று சொல்லவில்லை. எடுத்துட்டோம் என்றான்.

கேன்டீன் துண்டை வாயில் திணித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

நர்ஸம்மா கொஞ்சம் பொறுத்து, இன்னொரு விஷயம் கேட்கவேண்டும் என்றார். கையில் இருந்தது ஒரு படிவம். அதன் ஓரத்தில் அவர் மொழியில் என்னவோ கிறுக்கி வைத்திருந்தார்.

‘நான் தனியாகத் திரும்பிப் போனதிலிருந்து ஒரு மணி வரை அவர் ஒரே ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். யாருக்கும் புரியவில்லை. எங்கள் கருவிக்கும் புரியவில்லை. ஒருவேளை யாருடைய பெயராவது இருந்தால் அந்த நபருக்கு நாங்கள் தெரிவிக்க வேண்டும். கேட்டபடியே எழுதி வைத்திருக்கிறேன்.’

அவர் காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“அனே… அனே…”

டைம் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

‘இது ஒரு பெயரா?’ என்று போன் கேட்டது.

“ஆமாம்மா. பேருதான்.”

‘யாருடையது?’

“என்னுது” என்றான். “என் பேருதாம்மா அது.”

நர்ஸம்மா தலையை அசைத்துக்கொண்டு, படிவத்தில் உறவினர் பெயர் என்று இருந்த இடத்தில் அதையே எழுதினார். நாங்கள் யாரும் திருத்தவில்லை.